பேஸ்பால் அணியின் குளிர்காலத் திட்டம்: வீரர் பரிமாற்றமும் புதிய ஒப்பந்தங்களும் – புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸ், அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடிந்துவிடுகிறது. அதன்பின் பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம்கள் திறக்கும் வரை மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்தாலும், 30 அணிகளின் நிர்வாகங்களுக்கும் ஆண்டிலேயே மிகக் கடுமையான வேலை இந்த மாதங்களில்தான் நடக்கிறது. ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, அதன் பொது மேலாளரின் நாற்காலியில் உங்களை அமர்த்திக்கொண்டு, அடுத்த சீசனுக்கான திட்டத்தை நீங்களே எழுதிப் பார்ப்பது இந்த விளையாட்டை ஆழமாகப் புரிந்துகொள்ள மிக நல்ல பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எந்த வரிசையில், எந்தக் கணக்குகளோடு செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் முதலிலேயே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே ஏலம் கிடையாது; அணிகளின் மொத்தச் செலவுக்குக் கட்டாய உச்சவரம்பும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தம் முகவர் மூலம் எந்த அணியுடனும் தனியாகப் பேசலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை ஓர் அணி மற்றோர் அணிக்குக் கொடுத்து, பதிலாக வேறு வீரர்களைப் பெறலாம். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனைப் பெற்றதைப் போன்ற பரிமாற்றங்கள் பேஸ்பாலில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏராளமாக நடக்கின்றன.

எடுத்துக்காட்டாக, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியையே கட்டுரை நெடுக எடுத்துக்கொள்கிறேன். லீக்கின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்றான நகரத்தில் இருந்துகொண்டு, பெரிய நட்சத்திரங்களை ஒவ்வொருவராக இழந்தபடியே, 2023இல் 92, 2024இல் 93, 2025இல் 97 வெற்றிகளுடன் தன் பிரிவில் தொடர்ந்து முதலிடம் பிடித்த அணி அது. வேர்ல்டு சீரிஸை இன்றுவரை வென்றதில்லை. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது எப்படித் திட்டமிடுவது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் அணி வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கையிருப்பைக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் "யாரை வாங்கலாம்?" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, அணியின் 40 பேர் கொண்ட பட்டியலை எடுத்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். பெயர், வயது, ஆடும் இடம், அடுத்த ஆண்டுச் சம்பளம், சேவைக் காலம், எந்த அணியுடனும் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாக எந்த ஆண்டு ஆவார் என்ற தகவல்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இவற்றில் சேவைக் காலம்தான் அச்சாணி. மேஜர் லீக் பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் அது ஓர் ஆண்டுச் சேவையாகக் கணக்கிடப்படுகிறது. ஏறக்குறைய முதல் மூன்று ஆண்டுகள் வீரர் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைக்கே ஆடுகிறார். அந்தக் குறைந்தபட்சம் 2025இல் 7.6 லட்சம் டாலர், 2026இல் 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் தீர்ப்பு முறையால் ஊதியம் படிப்படியாக உயர்கிறது. ஆறு ஆண்டுச் சேவை நிறைவடைந்து, கையில் ஒப்பந்தமும் இல்லையென்றால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட சேவை உள்ளவர்களில் மேல்மட்ட 22 விழுக்காட்டினருக்கு மட்டும் ஓராண்டு முன்னதாகவே ஆர்பிட்ரேஷன் உரிமை கிடைத்துவிடும். ஆக, நல்ல இளம் வீரர் ஒருவர் ஆறு ஆண்டுகள் சந்தை விலையைவிட மிகக் குறைந்த செலவில் உழைக்கிறார்; பரிமாற்றங்களின் விலையை நிர்ணயிப்பதும் அந்த மலிவான ஆண்டுகளில் எத்தனை மீதமிருக்கின்றன என்பதே.

அட்டவணையில் இன்னொரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீரரைக் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பவும் திரும்ப அழைக்கவும் அணிக்கு மூன்று சீசன்களுக்கு உரிமை உண்டு. அது தீர்ந்தபின் அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்பளித்தாக வேண்டும். அதனால் உரிமை தீர்ந்த நடுத்தர வீரர்கள் நால்வர் இருந்தால், மேஜர் லீகில் ஆடும் உங்கள் 26 பேர் பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட இறுகியிருக்கிறது என்று பொருள். காயமடைந்தோருக்கான 60 நாள் பட்டியலும் குளிர்காலத்தில் இயங்காது; அதில் இருந்தவர்கள் அனைவரும் வேர்ல்டு சீரிஸ் முடிந்த சில நாட்களில் 40 பேர் பட்டியலுக்குத் திரும்பி வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். இதை மறந்து திட்டமிடுபவர்கள், மூன்று பேரைச் சேர்த்த பிறகுதான் இடம் இல்லை என்பதைக் காண்கிறார்கள்.

எத்தனை வெற்றி தேவை?

ஒரு வீரர், எளிதில் கிடைக்கக்கூடிய மாற்று வீரரைவிட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார் என்பதைச் சொல்லும் அளவுகோலை வார் என்று அழைக்கிறார்கள். முழுக்க மாற்று வீரர்களாலான அணி 162 ஆட்டங்களில் சுமார் 48 வெற்றி பெறும் என்பது இதன் அடிப்படை. உங்கள் வீரர்களிடம் அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் வார் அனைத்தையும் கூட்டி 48உடன் சேர்த்தால், அணியின் நிலை தோராயமாகத் தெரிந்துவிடும். எதிர்பார்ப்பைக் கணிக்கும்போது சென்ற ஆண்டின் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மூன்று ஆண்டு எண்களை 5, 4, 3 என்ற எடையில், அண்மை ஆண்டுக்கு முன்னுரிமை தந்து சராசரி எடுத்து, 30 வயதைத் தாண்டியவர்களுக்குச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டல் துல்லியமான சோதிடம் ஆகாது. ஆனால் அணி 70 வெற்றிகளுக்கு அருகில் இருக்கிறதா, 85க்கு அருகில் இருக்கிறதா என்பதைச் சொல்ல இது போதும். திட்டத்தின் திசையே அதைப் பொறுத்ததுதான். 2022 முதல் 12 அணிகள் பிளே ஆஃபுக்குச் செல்வதால், 85ஐ ஒட்டிய அணிக்கு மூன்று வெற்றிகள் கூடுவது சீசனின் தலையெழுத்தையே மாற்றக்கூடும். 70ஐ ஒட்டிய அணி அதே மூன்று வெற்றிகளுக்கு 33 வயது வீரர் ஒருவரிடம் பெரும்பணம் கொடுப்பது வீண். அந்த அணி தன் மூத்த வீரர்களைக் கொடுத்து இளைஞர்களைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தடுமாறி, பாதி வாங்கிப் பாதி விற்கும் திட்டமே மிக மோசமானது என்பது என் கருத்து.

பந்து வீசும் பிட்சர்களை எண்ணும்போது தாராளமாக இருங்கள். தொடக்கப் பிட்சர்கள் ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு முழு சீசனையும் கடக்கும் அணி மிக அரிது. எட்டு அல்லது ஒன்பது பேரின் பெயராவது உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

பணம்

உச்சவரம்பு இல்லை என்றாலும் ஆடம்பர வரி உண்டு. ஒப்பந்தங்களின் ஆண்டுச் சராசரியைக் கூட்டி வரும் தொகை 2025இல் 24.1 கோடி டாலரையும் 2026இல் 24.4 கோடி டாலரையும் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு முதல் ஆண்டில் 20 விழுக்காடும், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தாண்டினால் 30 விழுக்காடும், அதற்கு மேல் 50 விழுக்காடும் வரி விதிக்கப்படுகிறது. மிகையாகத் தாண்டுவோருக்குக் கூடுதல் வரி உண்டு. 4 கோடி டாலருக்கு மேல் தாண்டினால் புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வு பத்து இடங்கள் பின்னுக்குப் போகும். இந்த எண்கள் எல்லாம் 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகும் தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு உரியவை என்பதை நினைவில் வையுங்கள்.

மில்வாக்கி போன்ற அணிக்கு இந்த வரி ஒரு பொருட்டே இல்லை. உரிமையாளர் அனுமதிக்கும் தொகையே அதன் எல்லை. எனவே சிறிய அணிக்குத் திட்டம் எழுதும்போது கடந்த மூன்று ஆண்டுகளின் ஊதியச் செலவைப் பார்த்து, அதே அளவையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு 5 கோடி டாலரை உயர்த்திக்கொண்டால் அது திட்டமாக இருக்காது.

நவம்பர் மாத முடிவுகள்

நவம்பரில் முடிவுகள் அடுத்தடுத்து வருகின்றன. வேர்ல்டு சீரிஸ் முடிந்த ஐந்து நாட்களுக்குள் ஒப்பந்தங்களில் உள்ள கூடுதல் ஆண்டு உரிமைகளை ஏற்பதா, விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். அதே வேளையில், வெளியேறும் நட்சத்திர வீரருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் எனப்படும் ஓராண்டு ஒப்பந்தத்தை வழங்கலாமா என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். அதிக ஊதியம் பெறும் 125 வீரர்களின் சராசரியே அதன் தொகை. 2025 நவம்பரில் அது 2.2025 கோடி டாலராக இருந்தது. வீரர் அதை மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், பழைய அணிக்கு டிராஃப்டில் ஒரு கூடுதல் தேர்வு கிடைக்கிறது. அவரைச் சேர்த்துக்கொள்ளும் அணி தன் தேர்வுகளில் சிலவற்றை இழக்கிறது. வருவாய்ப் பகிர்வு பெறும் சிறிய அணியின் வீரர் 5 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்றால் அந்தக் கூடுதல் தேர்வு முதல் சுற்று முடிந்ததுமே வரும். 2024 இறுதியில், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று காக்கும் ஷார்ட்ஸ்டாப் வில்லி அடாமெஸ் ஏழு ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலருக்கு சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸுக்குச் சென்றபோது மில்வாக்கிக்கு இப்படியே ஈடு கிடைத்தது.

ஆனால் வீரர் அந்த ஆஃபரை ஏற்றுக்கொள்ளவும் கூடும். இதற்கும் மில்வாக்கியே சான்று. பிட்சர் பிராண்டன் உட்ரஃப்புக்கு 2023 அக்டோபரில் தோள்பட்டை அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு ஆட முடியாதவருக்கு ஆர்பிட்ரேஷன் ஊதியம் தர இயலாமல், நவம்பரில் ஒப்பந்தம் வழங்காமலே அணி அவரை விடுவித்தது. 2024 பிப்ரவரியில் இரண்டு ஆண்டுகளுக்கு 1.75 கோடி டாலருக்கு மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூலையில் களத்துக்குத் திரும்பிய அவருக்கு அந்த நவம்பரில் குவாலிஃபையிங் ஆஃபர் வழங்கப்பட்டது, அவர் ஏற்றுக்கொண்டார். முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகத் தொகை ஒரே ஆண்டுக்கு. எனவே வீரர் ஏற்றாலும் மகிழ்ச்சியே என்று சொல்ல முடிகிற நிலையில் மட்டும் இந்த ஆஃபரை வழங்குங்கள்.

நவம்பர் நடுவில் இன்னொரு கெடு இருக்கிறது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமாகி ஐந்து சீசன்களையோ, 19 வயதிலோ அதற்குப் பின்னரோ ஒப்பந்தமாகி நான்கு சீசன்களையோ கழித்த மைனர் லீக் வீரரை 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1 லட்சம் டாலருக்கு அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரை சீசன் முழுவதும் மேஜர் லீகிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆனால் 1954இல் டாட்ஜர்ஸ் பாதுகாக்காமல் விட்ட, பின்னாளில் பெரும் நட்சத்திரமான ராபர்ட்டோ கிளெமென்டேயை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இவ்வகையிலேயே பெற்றது என்பதை எந்தப் பொது மேலாளரும் மறப்பதில்லை.

பரிமாற்றம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சிறிய அணி பெரிய அணிகளோடு சமமாக நிற்க முடிவது இதில்தான்.

2024 பிப்ரவரி 1 அன்று மில்வாக்கி தன் முதன்மைப் பிட்சர் கார்பின் பர்ன்ஸை பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்தது. மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2021இல் பெற்றவர் அவர். சுமார் 1.56 கோடி டாலர் ஊதியத்தில் ஓராண்டு மட்டுமே மீதமிருந்தது; அதன்பின் அவரைத் தக்கவைக்கும் பண வலிமை அணியிடம் இல்லை. வைத்துக்கொண்டால் ஒரு சீசன் உழைப்பும், முடிவில் டிராஃப்டில் ஒரு தேர்வும் கிடைத்திருக்கும். கொடுத்ததால் உள்வட்ட ஆட்டக்காரர் ஜோயி ஓர்ட்டிஸ், இடக்கைப் பிட்சர் டி. எல். ஹால், அந்த ஆண்டு டிராஃப்டில் 34ஆம் தேர்வு ஆகியவை கிடைத்தன. ஹால் காயங்களால் எதிர்பார்த்த அளவு பங்களிக்கவில்லை. ஆனால் ஓர்ட்டிஸ் 2024இல் மூன்றாம் பேஸைக் காத்தார்; அடாமெஸ் வெளியேறியதும் 2025இல் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு நகர்ந்தார். அதாவது, அடுத்த குளிர்காலத்தில் உண்டாகப்போகும் வெற்றிடத்தை முந்தைய குளிர்காலத்துப் பரிமாற்றமே நிரப்பிவைத்தது. உங்கள் அட்டவணையில் "ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் ஆண்டு" என்ற பத்தி எதற்கு என்பது இப்போது விளங்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓரியோல்ஸிடம் உள்வட்டத்தில் இளம் வீரர்கள் நிரம்பி வழிந்தார்கள். ஓர்ட்டிஸுக்கு அங்கே இடமில்லை. பிளே ஆஃபுக்குத் தயாரான அணிக்கு ஒரு பெரிய பிட்சர் தேவைப்பட்டார். பர்ன்ஸ் 2024இல் சிறப்பாகவே பந்து வீசினார். டிசம்பரில் ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்குச் சென்றபோது ஓரியோல்ஸுக்கும் ஈட்டுத் தேர்வு கிடைத்தது. இரு தரப்புக்கும் காரணம் இருந்ததால்தான் பேரம் படிந்தது. நீங்கள் ஒரு பரிமாற்றத்தை எழுதும்போது, எதிரணியின் ரசிகராக மாறி அதைப் படித்துப் பாருங்கள். அவர் சிரிப்பார் என்று தோன்றினால் அதைக் கிழித்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டாத மூன்று பேரைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஒரு நல்ல வீரர் கிடைக்க மாட்டார், ஏனெனில் எதிரணிக்கும் 40 இடங்களே உண்டு.

ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசும் க்ளோசர் விஷயத்தில் மில்வாக்கியின் துணிச்சல் இன்னும் அதிகம். 2022 ஆகஸ்டில் ஜாஷ் ஹேடரை சான் டியாகோ பாட்ரேஸுக்குக் கொடுத்தது. பதிலாக வந்தவர்களில் ஒருவரான எஸ்டேரி ரூயிஸை அந்த டிசம்பரில் மூன்று அணிகள் கலந்துகொண்ட பரிமாற்றத்தில் கைமாற்றி, கேட்சர் வில்லியம் கான்ட்ரேரஸைப் பெற்றது. ஹேடரின் இடத்துக்கு வந்த டெவின் வில்லியம்ஸை 2024 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் பெற்றது. டர்பின் 2025இல் மூன்றாம் பேஸில் நிலைபெற்றார், க்ளோசர் பொறுப்பை டிரெவர் மெகில் ஏற்றார். ஹேடரை சீசன் நடுவில் கொடுத்த 2022இல் அணி பிளே ஆஃபைத் தவறவிட்டது. அதனால், இத்தகைய பரிமாற்றத்தைக் குளிர்காலத்தில் செய்வதே நல்லது என்பேன். அணி தன்னைச் சீரமைத்துக்கொள்ள அப்போது நேரம் இருக்கும்.

பரிமாற்றம் எழுதும் முன் மூன்று தடைகளைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் பரிமாற்ற மறுப்பு உரிமை இருக்கலாம். பத்து ஆண்டுச் சேவையும், அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியிலும் இருந்தவருக்கு அந்த உரிமை தானாகவே வந்துவிடும். டிராஃப்ட் தேர்வுகளில் போட்டிச் சமநிலைக்காக வழங்கப்படுபவை மட்டுமே கைமாறக்கூடியவை. பர்ன்ஸுக்கு ஈடாக வந்த 34ஆம் தேர்வு அந்த வகையைச் சேர்ந்தது.

சந்தையில் வாங்குவது

ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் நீங்கள் வாங்குவது வரப்போகும் ஆண்டுகளை. விலை கேட்கப்படுவதோ கடந்த ஆண்டுகளுக்கு. 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி, 32 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் வழங்கியது; அவருடைய பொற்காலம் முந்தைய அணியான செயின்ட் லூயிஸிலேயே முடிந்துவிட்டிருந்தது. ஹுவான் சோட்டோவுக்கு 2024 டிசம்பரில் மெட்ஸ் அணி 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்ததன் முக்கியக் காரணம், அப்போது அவருக்கு வயது 26 மட்டுமே என்பது.

சோட்டோவை இழந்த யாங்கீஸ் அடுத்துச் செய்தது புதியவர்கள் கவனிக்கத்தக்கது. பிட்சர் மேக்ஸ் ஃப்ரீடுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 21.8 கோடி டாலர், முதல் பேஸுக்கு பால் கோல்ட்ஷ்மிட் ஓராண்டுக்கு 1.25 கோடி டாலர், பரிமாற்றத்தில் கோடி பெலிஞ்சரும் வில்லியம்ஸும் என்று பணத்தைப் பல இடங்களில் பிரித்தார்கள். 2024இல் 94 வெற்றி பெற்ற அணி 2025இலும் 94 வெற்றியே பெற்றது. முதல் விருப்பம் கைநழுவினால் என்ன செய்வது என்ற இரண்டாம் தாள் உங்களிடமும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தொகை, ஆண்டுகள், பாதியில் விலகும் உரிமை, பணம் தரப்படும் காலம் என நான்கையும் குறியுங்கள். ஷோஹெய் ஒட்டானியின் பத்து ஆண்டு 70 கோடி டாலரில் 68 கோடி டாலர் 2034 முதல் 2043 வரைதான் வழங்கப்படும். அதனால் வரிக்கணக்கில் ஆண்டுக்கு 7 கோடிக்குப் பதில் ஏறக்குறைய 4.6 கோடி டாலரே சேர்கிறது. ஜப்பானிய லீகிலிருந்து வரும் வீரருக்கு அவருடைய பழைய அணிக்கும் கட்டணம் உண்டு: முதல் 2.5 கோடி டாலருக்கு 20 விழுக்காடு, அடுத்த 2.5 கோடிக்கு 17.5, மீதிக்கு 15. யோஷினோபு யமமோட்டோவின் 32.5 கோடி டாலருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 5.06 கோடி டாலர் வரும்.

சிறிய அணிக்கு என் பரிந்துரை இரண்டு. காயத்திலிருந்து மீளும் நல்ல வீரரைக் குறுகிய ஒப்பந்தத்தில் தேடுங்கள். முழங்கால் காயத்தால் 2023 முழுவதும் ஆடாத ரீஸ் ஹாஸ்கின்ஸை மில்வாக்கி இரண்டு ஆண்டுகளுக்கு 3.4 கோடி டாலருக்கு அப்படித்தான் எடுத்தது. மற்றொன்று, சொந்த இளைஞரை முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தத்தில் கட்டுவது. ஜாக்சன் சூரியோ ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாத 19 வயதில், எட்டு ஆண்டுகளுக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

ஜனவரிக்குப் பின்

ஜனவரியில் ஆர்பிட்ரேஷனுக்காக அணியும் வீரரும் ஆளுக்கொரு தொகையைக் குறிப்பிடுகிறார்கள். உடன்பாடு வராவிட்டால் மூன்று நடுவர்கள் அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே தேர்வு செய்வார்கள், நடுத்தொகை கிடையாது. 2023இல் பர்ன்ஸ் கேட்டது 1.075 கோடி டாலர். அணி சொன்னது 1.001 கோடி. அணி வென்றது. ஆனால் விசாரணையில் தம்மைப் பற்றிக் கூறப்பட்டவை உறவைக் காயப்படுத்திவிட்டதாகப் பர்ன்ஸ் வெளிப்படையாகவே பேசினார். 7.4 லட்சம் டாலருக்காக அந்த அறைக்குள் சென்றிருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். இந்தச் செலவை உங்கள் திட்டத்தில் சற்று உயர்த்தியே எழுதுங்கள்.

பிப்ரவரியில் விலை போகாமல் நிற்கும் மூத்த வீரர்கள் மைனர் லீக் ஒப்பந்தத்துடன் முகாமுக்கு வரச் சம்மதிப்பார்கள்; 40 பேர் பட்டியலில் இடம் கேட்காத இந்த வகையில் நான்கைந்து பேரைச் சேருங்கள். ஒதுக்கீடு முழுவதையும் தீர்த்துவிடாமல், 50 லட்சம் டாலராவது ஜூலை இறுதிப் பரிமாற்றக் கெடுவுக்காக மிச்சம் வையுங்கள். ஊதியம் நாட்கணக்கில் வழங்கப்படுவதால், ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் பெறும் வீரரை அந்தக் கெடுவில் வாங்கினால், மீதமிருக்கும் இரண்டு மாதங்களுக்கு ஏறக்குறைய அந்தத் தொகையே தேவைப்படும்.